செயலி சொன்ன 63 சொட்டு
தாதிமைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு, வார்டு பயிற்சி. 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். கைபேசிச் செயலியில் தட்டினேன்: நிமிடத்துக்கு 63 சொட்டு.

"டியூப் உறையைப் பார்த்தியாம்மா?" என்றார் மூத்த தாதி அக்கா. உறையில் 1 மில்லிக்கு 20 சொட்டு என்றிருந்தது. செயலியோ 1 மில்லிக்கு 60 சொட்டு என்ற அமைப்பில் நின்றது. அது மைக்ரோ டிரிப்புக்கு, அதாவது சிறு சொட்டு விழும் டியூபுக்கு உரிய அளவு. 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 21தான் வருகிறது. நல்லவேளை, கிளாம்பைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் முதலில் உறை, அப்புறம் தாளில் கணக்கு, சரிபார்க்க மட்டும் செயலி. மருந்துப் பெயர்களுக்கு ஆன்கி என்ற மனப்பாட அட்டைச் செயலி வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் ரயில் ஏறினால் பொங்கோல் வருவதற்குள் 30 அட்டை ஓடிவிடும், உட்கார இடம் கிடைத்தால்.