லக்சர் போகிறீர்களா? மூன்று கல்லறைகளைப் பொறுமையாகப் பாருங்கள்

எகிப்துக்குப் போகிற பலரும் லக்சருக்கு ஒரே நாள்தான் ஒதுக்குகிறார்கள். கர்னாக் கோயில், ஹட்செப்சூட் கோயில், பழைய எகிப்திய அரசர்களைப் பாறையில் குடைந்து புதைத்த மன்னர்களின் பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் அதற்குள் முடிக்கப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. குறைந்தது இரண்டு நாள் வையுங்கள், முடிந்தால் நைல் நதியின் மேற்குக் கரையிலேயே தங்குங்கள், ஏனென்றால் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்கே திறந்துவிடும், டூர் பஸ்கள் வந்து சேர்வதற்குள் நீங்கள் உள்ளே இருக்கலாம். நான் முதல் தடவை பதினொரு மணிக்குப் போய், வெயிலிலும் வரிசையிலுமே பாதி தெம்பை இழந்தேன்.

டிக்கெட்டுக்குக் கார்டு வேண்டும், ரொக்கம் வாங்குவதில்லை. அறுபதுக்கு மேற்பட்ட கல்லறைகளில் சில மட்டுமே திறந்திருக்கும், பொது டிக்கெட்டில் மூன்றைப் பார்க்கலாம். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று கண்ணில் பட்ட மூன்றுக்குள் நுழைந்துவிடாதீர்கள், அன்றைக்கு எவை திறந்திருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் அரசர் மூன்றாம் துட்மோஸின் கல்லறை: பாறை இடுக்கில் படியேறி, அப்புறம் செங்குத்தாக இறங்க வேண்டும், உள்ளே சுவர் முழுக்கக் குச்சி குச்சியான உருவங்கள், யாரோ பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியத் தாள் சுருளை அப்படியே விரித்து ஒட்டியது போல. படி ஆகாது என்றால் நான்காம் ராமசேஸின் கல்லறை, சரிவு லேசானது.

இளம் அரசன் துட்டன்காமுனின் கல்லறைக்குத் தனி டிக்கெட். அறை சின்னது, பொக்கிஷமெல்லாம் கெய்ரோவுக்குப் பக்கத்தில் கீசாவில் இருக்கிறது, ஆனால் 1922இல் கண்டுபிடித்த இந்தக் கல்லறையில் அரசனின் உடல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஒரே ஒரு தனி டிக்கெட்டுக்குத்தான் பணம் என்றால் நான் ஆறாம் ராமசேஸைத்தான் சொல்வேன். கூரை நெடுக வானதேவி நூட் இருமுறை நீண்டு கிடக்கிறாள், மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கிறாள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

உள்ளே பையை முதுகில் போடாமல் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், குறுகலான இடத்தில் திரும்பும்போது சுவரில் உரசும். ஃபிளாஷ் கூடாது. சுவரைத் தொடவே கூடாது. நம் மூச்சும் வியர்வையும் கிளப்பும் ஈரமே அந்த வண்ணங்களுக்குக் கெடுதல் என்பதால்தான் துட்டன்காமுன் கல்லறையில் காற்றோட்ட வசதியைப் புதிதாக அமைத்தார்கள், அந்தச் சீரமைப்புப் பணி 2019இல் முடிந்தது. யாராவது கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டுகிறேன் என்றால் 'லா, ஷுக்ரன்' (அரபியில் 'வேண்டாம், நன்றி') என்று சொல்லிவிட்டு நகருங்கள். வழிகாட்டிகள் உள்ளே விளக்கம் சொல்லக்கூடாது, அதனால் கேட்க வேண்டியதை வெளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை டெய்ர் எல் மெதினா போங்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டியவர்கள் குடியிருந்த ஊர், வீடுகளின் அடிச்சுவர்கள் வரிசையாக அப்படியே நிற்கின்றன. அந்தத் தொழிலாளர்களில் ஒருவரான சென்னெட்ஜெமின் கல்லறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். நிமிர்ந்ததும் மஞ்சள் சுவரில், மறுவுலக வயலில், அவர் மாடு பூட்டி உழுகிறார், பின்னாலேயே மனைவி விதை தூவிக்கொண்டு வருகிறாள்.