புளியங்கொட்டை வைத்ததும் பேச்சு வந்தது

முதுகலை ஆய்வுக்காக, 2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பற்றி எட்டுப் பெண்களோடு குழுக் கலந்துரையாடல் நடத்தினேன். பதிவைக் கேட்டபோது மனம் உடைந்துவிட்டது. முக்கால்வாசி நேரம் சுயஉதவிக் குழுத் தலைவியின் குரல்தான். மற்றவர்கள் "அக்கா சொல்வதுதான்" என்று முடித்துக்கொண்டார்கள். அவரை வைத்தே ஆள் திரட்டி, அவருக்கு மட்டும் நாற்காலி போட்டது என் தவறு.

மறுவாரம் தலைவியைத் தனியாகப் பேட்டி எடுத்தேன். அவருக்கும் மனக்குறை இல்லை. மற்ற ஏழு பேரையும் பாயில் வட்டமாக உட்கார வைத்தேன். "திட்டம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பதைத் தாண்டி எதுவும் வராது. அதை விட்டுவிட்டு, "நேற்று நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?" என்று தொடங்கினேன்.

பிறகு ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. மிச்சமாகும் காசு எங்கே போகிறதோ, தரையில் சாக்பீஸால் போட்ட அந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும். பூக்கட்டும் அம்மா ஒருவர் ஆறு கொட்டைகளை மருந்துக்கும் மூன்றைப் பள்ளிக்கூடச் செலவுக்கும் வைத்துவிட்டு, கடைசிக் கொட்டையை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். "இதற்குக் கட்டம் இல்லையே. பஸ் காசுக்குப் பயந்து அம்மாவைப் பார்க்காமலே இருந்தேன். இப்போது போகும்போதெல்லாம் பழம் வாங்கிப் போகிறேன்" என்றார். உடனே ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

நல்லவேளை, மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு செல்பேசிகளில் பதிவு செய்தேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தோழி படம் போட்டு வைத்திருந்ததால் குரல்களைப் பிரித்து எழுத முடிந்தது.