குழந்தையின் எடையைக் குறைக்காமல் உடல் பருமனைக் குறைப்பது

வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை குறைய வேண்டியதில்லை, ஏறாமல் நின்றாலே போதும். பள்ளி வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. உயரம் கூடும், எடை அங்கேயே நிற்க, பருமன் படிப்படியாகக் குறையும். பட்டினி போட்டால் வளர்ச்சி தடைபடும், ஒளித்துத் தின்னும் பழக்கமும் வரும்.

முதலில் அளந்து பாருங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் (BMI) வரும். 8 வயது, 1.25 மீட்டர், 36 கிலோ என்றால் 36 ÷ 1.5625 = 23. இதே எண் நம் நாட்டுப் பெரியவருக்கு அதிக எடையின் எல்லைக்கோடு. 8 வயதில் அது தெளிவான உடல் பருமன். அதனால் பெரியவர்களின் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். வயது, பாலினம் பார்த்து வளர்ச்சி வரைபடத்தில் குறித்துத் தரும்படி குழந்தை நல மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போனாலும் கவனிக்க வேண்டியதுதான். ‘கொழுகொழுன்னு இருக்கட்டும், வயசுக்கு வந்தா சரியாயிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். பதின்பருவத்திலும் பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது பிறகும் தொடர்கிறது.

மாற்றத்தைப் பானங்களில் தொடங்குங்கள். பலன் அங்கேதான் சீக்கிரம் தெரியும். 300 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. 2 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். பாலில் கலக்கும் ஊட்டச்சத்துப் பவுடரின் லேபிளிலும் சர்க்கரை அளவைப் பாருங்கள். வீட்டில் பிழிந்த ஜூஸும் வேண்டாம். பழத்தை அப்படியே கொடுங்கள்.

தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். பொரியலை முதலில் வையுங்கள், பசியில் அது காலியாகும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். ஒரு மேசைக்கரண்டியிலேயே 120 கலோரி இருக்கிறது. டிவி முன் உட்கார வைத்து ஊட்டுவதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. படத்தில் மூழ்கிய பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது.

திட்டம் உடைவது மாலை 4 மணிக்கு. காலையில் அரை இட்லி, மதிய டப்பாவில் பாதி மிச்சம் என்று வரும் பிள்ளை மிக்சர் டப்பாவைத்தான் தேடும். காலை உணவைத் தவற விடாதீர்கள். பை இறங்கும்போதே சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ ஒரு சிறு கிண்ணம், மோர் ஒரு டம்ளர் தயாராக இருக்கட்டும். மிக்சர், பிஸ்கட்டை வாங்கி ஒளித்து வைப்பதைவிட வாங்காமலிருப்பது மேல். இந்த விதிகள் அப்பா, தாத்தா, ஒல்லியான தம்பி எல்லோருக்கும் பொது. ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் அது தண்டனையாகிவிடும்.

தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். டியூஷன் இடித்தால் 20 நிமிடமாக மூன்று முறை பிரிக்கலாம். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். எடை பார்ப்பது மாதம் ஒருமுறை, உறவினர் முன் அல்ல.

கழுத்துப் பின்புறமோ அக்குளோ கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கில்லை, தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. ரத்தப் பரிசோதனை தேவை. மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, அதிக தாகம், வயதுக்கேற்ற உயரமின்மை இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.