ரெசின் தரைக்கு கல் கலர் எடுக்கறதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கோங்க

வீட்டு முன்னாடி கார் நிக்கற இடத்துக்கு ரெசின்ல, அதாவது கல்ல ஒட்ட வைக்கற பிசின்ல, சின்னச் சின்னக் கல்லு கலந்து போடறவங்க, கேட்லாக் போட்டோவ மட்டும் பாத்து கலர முடிவு பண்ணிடாதீங்க. ரெசின் பட்டதும் கல்லு நனைஞ்ச மாதிரி ஒரு ஷேடு டார்க்காயிடும், அதனால ரெசின் போட்டு காஞ்ச சாம்பிள் பீஸையே கேட்டு வாங்கி, வெளிய தரையில வெச்சு காலைல, உச்சி வெயில்ல, சாயங்காலம்னு பாருங்க, மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சும் பாருங்க, கடை லைட்டுல தெரியற கலரே வேற.

ஒரே கலர் வேணாம்ங்கறது என் கருத்து. வெள்ளை, க்ரீம்ல டயர் தடம், ஆயில் சொட்டு, இலைக்கறை எல்லாம் பளிச்னு தெரியும், முழுக் கருப்புல தூசி தெரியும், வெயில்ல கால் வைக்க முடியாது. பழுப்பு, சாம்பல், கொஞ்சம் கருப்புன்னு ரெண்டு மூணு கலர் கலந்தா அழுக்கு கண்ணுக்கே தெரியாது. ஓரத்துக்கு மட்டும் டார்க் பார்டர் குடுங்க, அழகா இருக்கும்.

முக்கியமா, லைட் கலர்னா யூவி (வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர்) தாங்கற ரெசின்தானான்னு கேட்டுக்கோங்க. சாதா ரெசின் வெயில் பட்டு மஞ்சளாயிடும், டார்க் கல்லுல அது அவ்வளவா தெரியாது, வெளிர் கல்லுல அப்படியே தெரியும். கல்லு மொத்தமும் ஒரே பேட்ச்ல வாங்கிடுங்க, இயற்கைக் கல்லு, அடுத்த லோடு அதே கலர்ல வராது.