கேபிள் டிவியைக் கம்ப்யூட்டரில் பார்க்க, பதிவு செய்ய: மஞ்சள் வயர் போதும்

எங்கள் ஊர்த் தேரோட்டத்தை லோக்கல் கேபிள் சேனலில் நேரலையாகப் போடுவார்கள். அது எந்த ஆப்பிலும் வராது, மறுநாள் தேடினாலும் கிடைக்காது. முட்டி வலியால் வர முடியாத பெரியம்மா போன் செய்து, "கேபிள்ல போடுறாங்கல்ல, அதப் புடிச்சு வையேன்டா, அப்புறமா பாத்துக்கறேன்" என்றார். சரி பெரியம்மா என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படிப் பிடிப்பது என்று யோசித்தேன். அந்த வருஷம் பாதி சொதப்பினேன், அடுத்த வருஷம் முழுதாகப் பிடித்தேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பான வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதில்தான் போனேன். நெட்டில் தேடினால், வயரில் வரும் சேனலைக் கம்ப்யூட்டரிலேயே பிடிக்கும் டிவி டியூனர் கார்டு வாங்கு, கேபிள் வயரை அதில் சொருகு, தீர்ந்தது என்று வரும். அதில் பாதி, வீட்டுக்கு வீடு அனலாக் கேபிள் ஓடிய காலத்துக் கதை. மீதி அமெரிக்காவுக்கு எழுதியது. அங்கே கேபிள்கார்டு என்று ஒரு சின்ன அட்டை இருந்தது. அதைக் கேபிள் கம்பெனியிடம் வாங்கி டியூனரில் சொருகினால், பூட்டிய சேனலும் விண்டோஸ் மீடியா சென்டர் என்ற டிவி பார்க்கும் மென்பொருளில் நேராக வந்தது. விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாப்ட் அந்த மீடியா சென்டரையே தூக்கிவிட்டது, 2020இல் கேபிள்கார்டு தர வேண்டும் என்ற கட்டாயத்தையும் அங்கே எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் அப்படி ஓர் அட்டை கைக்கு வந்ததே இல்லை. 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012 தொடங்கி 2017 மார்ச் வரை நான்கு கட்டமாக எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கினார்கள். வயரில் வருவது டிவிபி-சி என்ற முறையில் பூட்டுப் போட்ட சிக்னல், சாவி செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. டிவிபி-சி டியூனர் வாங்கிச் சொருகினால் ஸ்கேன் ஆகும், சேனல் பெயரெல்லாம் வரிசையாக வந்து ஆசை காட்டும், தொட்டால் கறுப்புத் திரைதான். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். பாக்ஸைப் பாக்ஸாகவே விட்டுவிட்டு, அது திறந்து வெளியே தரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை.

பாக்ஸின் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும். பக்கத்திலேயே மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டையோ, இல்லையென்றால் ஹெட்போன் சொருகுவது மாதிரி ஏவி என்று எழுதிய ஒற்றை ஓட்டையோ இருக்கும். எச்டிஎம்ஐ வழியாக எடுத்தால் படம் துல்லியமாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் அந்த வழியில் எச்டிசிபி என்ற காப்பு உண்டு, பெரும்பாலான பாக்ஸ்களில், படத்தைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் கருவியைச் சொருகினால் கறுப்பாகவே வரும். அதை ஏமாற்றும் சித்து வேலைகளை நான் சொல்லப்போவதில்லை, லோக்கல் சேனலுக்கு அது தேவையும் இல்லை. அவர்கள் அனுப்புவதே எஸ்டி, அதாவது எச்டி அல்லாத சாதாரணப் படம்தான். மஞ்சள் வயர் போதும்.

இன்னொரு வசதி, பல பாக்ஸ்களில் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் படம் வரும். டிவியை எச்டிஎம்ஐயில் விட்டுவிட்டு ஏவியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், வீட்டில் இருப்பவர்கள் டிவி பார்ப்பது கெடாது. ஆனால் பதிவு ஓடும்போது யாரும் சேனல் மாற்றக் கூடாது. பாக்ஸ் ஒன்றுதானே, டிவியில் எது ஓடுகிறதோ அதுதான் பதிவாகும். ரிமோட்டை எடுத்து ஒளித்து வையுங்கள், வேறு வழியில்லை.

"பாக்ஸிலேயே பென்டிரைவ் போட்டு ரெக்கார்ட் பண்ணலாமே" என்று கேட்பீர்கள். சில பாக்ஸில் முடியும், ஆனால் அப்படிப் பதிவான ஃபைல் பெரும்பாலும் அந்தப் பாக்ஸில் மட்டும்தான் ஓடும். பெரியம்மா வீட்டு டிவியில் ஓடாது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

வாங்க வேண்டியது யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவி. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. ஈஸிகேப் என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் ஆளாளுக்கு வேறு. ஒரு சின்ன சிடியில் டிரைவர் தருவார்கள், இன்றைய லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது என்பது அவர்கள் கவலை இல்லை. அதனால் வாங்கும்போதே யூவிசி, அதாவது தனி டிரைவர் வேண்டாம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அது வெப் கேமரா மாதிரி சொருகியதும் தானாக வரும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு, பழைய ஈஸிகேப் சிப்புகள் பலவற்றுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது.

இனி வயர். மூன்று ஓட்டை இருந்தால் நிறத்துக்கு நிறம் சொருகினால் போதும். ஒற்றை ஓட்டை என்றால் பாக்ஸோடு வந்த வயரையே பயன்படுத்துங்கள். அந்த முனையில் மூன்று கறுப்பு வளையம், நான்கு பட்டை இருக்கும், எந்தப் பட்டையில் படம், எந்தப் பட்டையில் சத்தம் என்பது ஒவ்வொரு வயரிலும் மாறும். பழைய கேம்கார்டர் வயரை எடுத்துச் சொருகினேன், படம் இல்லை, ஸ்பீக்கரில் கர்ர்ர் என்று இரைச்சல் மட்டும். அந்த இரைச்சல்தான் படம்! படம் சத்தத்தின் வழியில் வருகிறது. மஞ்சளைப் பிடுங்கிச் சிவப்பு இருந்த இடத்திலும், சிவப்பை மஞ்சள் இடத்திலும் மாற்றிப் போட்டேன், சாமி தெரிந்தார்.

மென்பொருளுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, இலவசம். சும்மா பார்க்க மட்டும் என்றால் விஎல்சியில் மீடியா மெனுவில் ஓப்பன் கேப்சர் டிவைஸ் போதும். பதிவுக்கு ஓபிஎஸ்தான் என் கட்சி. திறந்து, சோர்சஸ் பெட்டியில் கூட்டல் குறியைத் தட்டி, வீடியோ கேப்சர் டிவைஸைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கருவியைக் காட்டுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகவோ மேலிருந்து கீழே உருண்டுகொண்டோ வந்தால் கருவி பழுது என்று நினைக்காதீர்கள், வீடியோ ஸ்டாண்டர்ட் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் நிற்கும். அதை நம் ஊர் முறையான பிஏஎல் என்று மாற்றினால் சரியாகிவிடும். நம் ஊர் எஸ்டி படம் 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 முழுப் படம்.

அதில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிகளாக வருகிறது. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை, ஆக நொடிக்கு 50 பாதி. பழைய டப்பா டிவிக்கு இது பொருந்தும், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாக ஒட்டிக் காட்டும்போது அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக இருக்கும். நின்ற தேர் அழகாகத் தெரிந்தது, வடத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்ததும் தேர்ச்சக்கரம் பிய்ந்த பாய் மாதிரி ஆகிவிட்டது. இதற்கு மருந்து, சோர்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து டீஇன்டர்லேசிங் என்பதில் யாடிஃப் 2எக்ஸ் போடுவது. செட்டிங்ஸில் வீடியோ பகுதியில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை 50 வையுங்கள். அசைவு முன்னும் பின்னும் நடுங்குவது போல் இருந்தால் அதே மெனுவில் டாப் ஃபீல்டு ஃபர்ஸ்ட் என்பதைப் பாட்டம் என்று மாற்றிப் பாருங்கள். கேன்வாஸ் என்ற பதிவுத் திரையின் அளவு, சேனல் பழைய சதுரப் படம் என்றால் 768க்கு 576, அகலப் படம் என்றால் 1024க்கு 576. இதைச் சரியாக வைக்காவிட்டால் குருக்கள் எல்லாம் ஒல்லியாகத் தெரிவார்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு சோர்ஸின் ஓரத்தை உள்ளே இழுங்கள், வெட்டுப்பட்டுவிடும்.

சத்தத்தில்தான் நான் மண்ணைக் கவ்வினேன். முதல் வருஷம் இரண்டரை மணி நேரம் பதிவு செய்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் படம் மட்டும் ஓடுகிறது, நாதஸ்வரமும் இல்லை ஒன்றும் இல்லை. காரணம் சின்னது. கேப்சர் கருவியின் சத்தத்தை விண்டோஸ் ஒரு மைக் என்றே நினைக்கிறது. பிரைவசி செட்டிங்கில் மைக் அனுமதியை என்றைக்கோ நானே அணைத்து வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் சத்தம் கேட்கவில்லையே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம், ஆனால் ஓபிஎஸ் எப்படியும் கேப்சர் சத்தத்தை ஸ்பீக்கரில் தராது, நாமாகச் சொன்னால்தான் தரும். ஆடியோ மிக்சரில் அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸ் போய், ஆடியோ மானிட்டரிங் என்பதில் மானிட்டர் அண்ட் அவுட்புட் வையுங்கள். அப்போது கேட்கவும் செய்யும், பதிவாகவும் செய்யும். மிக்சரில் பச்சைப் பட்டை ஆடுகிறதா என்று பார்க்காமல் பதிவைத் தொடங்காதீர்கள். லேப்டாப்பின் சொந்த மைக்கை மட்டும் மறக்காமல் மியூட் செய்யுங்கள், இல்லையென்றால் தேரோட்டத்துக்கு நடுவே சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்.

பதிவின் தரத்துக்கு, எஸ்டி படத்துக்கு 2500 கேபிபிஎஸ் தாராளம். ஒரு மணி நேரத்துக்குச் சத்தத்தோடு சேர்த்து சுமார் 1.2 ஜிபி ஆகும். பழைய ஐ3 லேப்டாப்பே இதைத் தாங்கும். ஃபைல் வகை எம்கேவி வையுங்கள். சாதாரண எம்பி4இல் பதிவு செய்யும்போது நடுவில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அதுவரை பிடித்ததும் திறக்காமல் போகலாம், எம்கேவியில் நின்ற இடம் வரை பத்திரம். முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது, சில நிமிடத்தில் முடியும்.

வீட்டில் இல்லாத நேரத்தில் பதிவாக வேண்டுமா? விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்து ஓபிஎஸ்ஸைத் தொடங்கச் சொல்லலாம். ஆர்க்யுமென்ட்ஸ் கட்டத்தில் இரண்டு ஹைஃபன் போட்டு, ஸ்டார்ட்ரெக்கார்டிங் என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்தால், திறந்ததுமே பதிவு ஓடும். ஸ்டார்ட் இன் கட்டத்தில் ஓபிஎஸ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் கொடுக்க மறந்தால் திறக்காமலேயே எரர் காட்டும், இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுத்துவதற்கு டூல்ஸ் மெனுவில் அவுட்புட் டைமர். கம்ப்யூட்டரின் தூக்கத்தையும் அணைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரைவிடப் பாக்ஸ்தான் காலை வாரும். ரிமோட்டை ரொம்ப நேரம் யாரும் தொடவில்லை என்றால் தானாக ஸ்டாண்ட்பை போகும் பாக்ஸ்கள் உண்டு, அதன் செட்டிங்கில் தேடி அணைக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் இன்னும் மோசம். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், பாக்ஸ் அணைந்து எழுந்து, நீங்கள் விட்ட சேனலுக்குப் போகாமல் கம்பெனி குறித்து வைத்த முகப்புச் சேனலில் போய் உட்காரும். தேரோட்டம் என்று நினைத்து நீங்கள் தோசைக்கல் விளம்பரத்தைப் பதிவு செய்துகொண்டிருப்பீர்கள். பாக்ஸை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். லோக்கல் கேபிள்காரரின் பெட்டியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அங்கே கரண்ட் போனால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

சந்தா தேதியையும் பாருங்கள். முடியப்போகிறது என்றால் படத்தின் மேலேயே அறிவிப்பு ஓடும், அதுவும் சேர்ந்து பதிவாகும். அவ்வப்போது திரையில் எங்காவது ஒரு நீளமான எண் தோன்றி மறைவதைக் கவனித்திருப்பீர்கள், அது உங்கள் பாக்ஸின் அடையாளம், யார் பாக்ஸிலிருந்து படம் வெளியே போனது என்று கண்டுபிடிப்பதற்காகவே போடுவது. வீட்டில் வைத்துப் பார்க்கப் பிடிப்பது ஒன்று, யூடியூபில் ஏற்றுவது வேறு. படத்தின் உரிமை சேனலுடையது, எண் உங்களுடையது.

எல்லாம் தயார் என்றதும் முதல் நாளே 10 நிமிடம் பதிவு செய்து, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, படம், சத்தம், உதடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சத்தம் பின்தங்கினால் அதே அட்வான்ஸ்டு ஆடியோ பகுதியில் சிங்க் ஆஃப்செட் என்று மில்லிசெகண்டில் சரிசெய்யும் கட்டம் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் வாயைப் பார்த்து வைத்தால் சுலபம்.

பதிவு முடிந்ததும் முன்னும் பின்னும் இருக்கும் விளம்பரத்தை லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் வெட்டலாம், மறுபடி என்கோட் செய்யாததால் நொடியில் முடியும். அப்புறம் பென்டிரைவ். நான்கு மணி நேரத் தேரோட்டம் 5 ஜிபியை நெருங்கியது. பெரியம்மா வீட்டு டிவி எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை மட்டும்தான் படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. அதனால் அதே லாஸ்லெஸ்கட்டில் தேர் கீழவீதி திரும்பும் இடத்தில் இரண்டாக வெட்டி, ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்துக் கொடுத்தேன். பெரியம்மா இரண்டாவதைத்தான் முதலில் போட்டார்.