தனுஷ்கோடிக்கு வேன் பிடிக்கும் தருமபுரிக்காரர்கள் செய்யும் தவறுகள்

பரீட்சை லீவு விட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தெருவுக்கு ஒரு வேன் ராமேஸ்வரம் கிளம்பும். 450 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி முழுக்க ஓட்டம். விடிந்ததும் அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், ஈரத்துணி மாற்றிக்கொண்டு தரிசனம், பிறகு கட்டிக்கொண்டு வந்த புளிசாதம். அதையும் முடித்துவிட்டு, உச்சி வெயிலில் தனுஷ்கோடிக்கு வண்டியைத் திருப்புவார்கள். தவறு இங்கேயே ஆரம்பம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கடைசிப் பகுதியில் ஒதுங்க நிழல் கிடையாது. டிரைவரும் தூங்கியிருக்க மாட்டார். ஒரு ராத்திரி ரூம் போட்டுத் தங்கி, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் போவதுதான் சரி. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. பொழுது சாயுமுன் போலீசார் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது நீச்சல். ஒகேனக்கல்லிலும் கிணற்றிலும் குதித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. ஆறு ஒரே பக்கமாக இழுக்கும். பிடித்துக்கொள்ளப் பாறையாவது இருக்கும். கடல் வேறு. கரைக்கு வந்த அலைநீர் ஏதோ ஓரிடத்தில் ஓடைபோலச் சேர்ந்து வேகமாக உள்ளே திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்க்கச் சாதுவாக இருக்கும். புதிதாக வருபவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் அதே இடத்தைத்தான். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது; நல்ல நீச்சல்காரரும் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரை திரும்ப வேண்டும். முடியாதவர்கள் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டலாம். அரிச்சல்முனையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும்போதே காலடி மணல் சரிந்து போவது தெரியும்.

தனுஷ்கோடிக்கு வடக்கே இருப்பது பெண் கடல், அமைதியானது. தெற்கே இருப்பது ஆண் கடல் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் சீறும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் வடக்குக் கடலும் கொந்தளிக்கும். அரையாண்டு லீவில் போகிறவர்கள் பெண் கடல்தானே என்று பிள்ளைகளை இறக்கிவிடுவது இதனால்தான் ஆபத்து.

ஒகேனக்கல் போகுமுன் பிலிகுண்டுலுவில் காவிரித் தண்ணீர் எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது, பரிசலுக்குத் தடை உண்டா என்று டிவியைப் பார்க்காமல் நாம் கிளம்புவதில்லை. ராமேஸ்வரத்துக்கு மட்டும் எதையும் விசாரிப்பதில்லை! பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, மீனவர்கள் கடலுக்குப் போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தொலைவில் கிளம்பிய பேரலை கரையேறும், கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது.

பிள்ளைகள் தண்ணீரில் ஆடியே தீர வேண்டுமென்றால் அரியமான் கடற்கரை இருக்கிறது, ஆழம் குறைவு. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறது. என்னைக் கேட்டால் அரிச்சல்முனை செல்ஃபியைவிட அதுவே மேல். ஆனால் பரிசலில் செய்வதுபோல லைஃப் ஜாக்கெட்டைக் கொக்கி மாட்டாமல் தோளில் தொங்கவிடாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் அது கழன்று தனியே மிதக்கும்.

தனுஷ்கோடியில் தார்ச்சாலையை விட்டு வண்டியை மணலில் இறக்காதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, அடியில் சேறு. சிக்கிய பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் இன்னும் இறங்கும்.

அங்கே இடிந்து நிற்கும் சர்ச் சுவரில் ஏறிப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். உப்புக்காற்று அரித்த கல் எப்போது பெயரும் என்று சொல்ல முடியாது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ஒரு பாசஞ்சர் ரயிலோடு சேர்த்து ஊரே போன இடம் அது. பக்கத்துக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் வீட்டு வாசலில் போய் கேமராவை நீட்டாதீர்கள்.

கடைசியாக, பவளப்பாறை. மிதக்கும் கல் என்று காட்டுவதில் பல பவளத் துண்டுகளே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பாறையை உருவாக்கும் பவளமும் விசிறி போன்ற கடல் விசிறியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஷோகேஸில் வைக்க ஒரு துண்டு வாங்கினாலும் குற்றம்தான்; விற்றவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் மாட்டுவார்.