அரைநிலாவும் வாழைக்காய் பஜ்ஜியும்: வானியல் மன்றத்துக்கு ஆள் சேர்க்கும் வழி

முதலாமாண்டு வகுப்பு தொடங்கியதும் செமினார் ஹாலில் பவர்பாயிண்ட் போட்டு ஒரு மணி நேரம் பேசுவதை முதலில் விடுங்கள். எங்கள் கல்லூரியில் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தோம். கூகுள் ஃபார்மில் எண்பது பெயர், அடுத்த கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர். மூன்றாம் வருடம் டெலஸ்கோப்பைத் தூக்கி மைதானத்தில் வைத்தோம்.

பௌர்ணமியன்று வைக்காதீர்கள். அன்று நிலாவில் வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்களின் நிழலே தெரியாது, கண் கூசுவதுதான் மிச்சம். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி ஒரு நாள் பாருங்கள், தினசரி காலண்டரிலேயே இருக்கும். அரைநிலா நண்பகல் வாக்கிலேயே உதித்துவிடும், அதனால் நாலு மணிக்கே கிழக்கே நன்றாக ஏறி நிற்கும், காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் டே ஸ்காலர்களும் பார்த்துவிட்டுப் போகலாம். ராத்திரி வைத்தால் ஹாஸ்டல்காரர்கள் மட்டும்தான், அதிலும் பெண்கள் வர வார்டன் மனது வைக்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: டெலஸ்கோப்பைக் கட்டட நிழலில் வையுங்கள். குழாய் சூரியன் பக்கம் திரும்பி யாராவது ஒரு நொடி எட்டிப் பார்த்தாலும் கண் போய்விடும், பக்கத்தில் ஒரு சீனியர் நின்றே ஆக வேண்டும்.

ஆள் சேர்வது டெலஸ்கோப்பில் இல்லை, வரிசையில். ஒருவர் பார்த்து, கண் வைக்கும் இடத்தில் போனை வைத்து நிலாவைப் படம் எடுத்து முடிக்க இரண்டு நிமிடமாவது ஆகும் (அன்று ராத்திரி அந்தப் படம்தான் எல்லார் ஸ்டேட்டஸிலும், போஸ்டர் செலவு மிச்சம்). அதனால் டீயையும் பஜ்ஜியையும் வரிசையின் கடைசியில் வையுங்கள். சீனியர்கள் கும்பலாக நிற்கவே கூடாது, ஆளுக்கொரு இடமாகப் பிரிந்து வரிசைக்குள்ளேயே நில்லுங்கள். "ஏய், இங்க வா" என்றால் ராகிங் என்று நினைத்துப் பயப்படுவார்கள். உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு எந்த ஊர் என்று கேளுங்கள், மன்றத்தைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.

கிளம்பும்போது ஃபார்ம் நீட்டாமல் ஒரு வேலையைக் கொடுங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குப் போகலாம், 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, வேன் பேசவும் காசு வசூலிக்கவும் ரெண்டு பேர் வேண்டும் என்று சொன்னோம். கை தூக்கிய இருவரில் ஒருத்திதான் இப்போது செயலாளர்.

அக்டோபர், நவம்பரில் மேகம் மூடிவிட்டால்? ரத்து செய்யாதீர்கள், டெலஸ்கோப்பை வராந்தாவில் வைத்து எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுங்கள். பிம்பம் தலைகீழாகத் தெரியும், ஏன் என்று சண்டை போட்டுக்கொண்டே பஜ்ஜி தீர்ந்துவிடும்.